எல்லாப் பதிலும் தெரிந்தவனுக்கு எந்த வகுப்பு?

மலேசியாவில், குளுவாங்கில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருடம்தான் நான் மாதா கோயிலில் ஞானோபதேசம் படித்தேன். எழுத்து தெரியாது. உபதேசியார் சொல்லச் சொல்ல, அத்தனை கேள்வி பதிலும் மனப்பாடம்.

சாவதற்குள் இறையியலும் படித்துவிட ஆசை. இன்று மருமகள் ஸ்டெல்லா இணையத்தில் வகுப்புகளைத் தேடி வாசித்தாள். இதைத் தட்டுவதும் அவள்தான். கட்டுரை எழுதச் சொன்ன வகுப்புகளை எல்லாம் தள்ளினேன். காதால் கேட்டு வாயால் பதில் சொல்லும் வகுப்பு ஒன்று கிடைத்தது.

போன் போட்டோம். வகுப்பு நடத்தும் சிஸ்டர், "ஐயா பிகினரா?" என்றார்.

"நானா? கேளுங்கம்மா, சொல்றேன்!"

ஒரு கேள்விதான் கேட்டார். அடுத்த பதினோரு பதிலையும் சேர்த்து ஒப்பித்தேன். நடுவில் நிறுத்தினால் மறந்துபோகும்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். "எல்லாம் சரிங்கய்யா. இதுக்கு என்ன அர்த்தம்?"

அலமாக்! அதை உபதேசியார் சொல்லித் தரவே இல்லை.

"அப்போ பிகினர்தான்லா மாமா" என்று ஸ்டெல்லா என் பெயரைப் பதிந்துவிட்டாள். திங்கட்கிழமை வகுப்பு.

தனியாக முழிக்க வெட்கமாக இருக்கிறது. அன்று என்னோடு படித்தவர்களில் ஒருத்திதான் மிச்சம். என்னைவிட வேகமாக ஒப்பிப்பாள். இப்போது ஸ்கூடாய் ஊரில் இருக்கிறாளாம். அந்தப் பக்கம் இருப்பவர்கள், அவளுக்காவது அர்த்தம் தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயர் லூர்தம்மா.