அத்தையின் கன்னமும் ஐஸ் பேக்கும்

எங்கள் வீட்டில் வலி என்றால் வெந்நீர்தான். கால் சுளுக்கினாலும் கழுத்துப் பிடித்தாலும் அம்மா துணியை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுப்பார். குளிர்ந்த எதுவும் உடம்பில் படக்கூடாது, பட்டால் சளி பிடித்துக்கொள்ளும் என்பது வீட்டுச் சட்டம். அதை உடைத்தவள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. இன்று திருச்சியில் நர்ஸாக இருக்கிறாள். அப்போது நர்சிங் கடைசி வருஷம். தினமும் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய் வருவாள்.

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு முழங்கால் திருகி வீங்கியபோது, அத்தை மெடிக்கலில் நீல நிற ஐஸ் பேக் ஒன்று வாங்கி வந்தாள். ஃப்ரீசரில் வைத்து எடுத்து, துண்டில் சுற்றி முழங்காலில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவாள். நான் தொடப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"வெறும் தோல்ல வச்சா வெந்துபோவும்டி."

ஐஸ் எப்படி வேகவைக்கும்? பெரிய நர்ஸம்மா, புருடா விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்பாவின் வீக்கம் வடிந்தது. அம்மாவே ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தன் குதிகாலுக்கு வைத்துப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயங்கொண்டத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் தாலி கட்டிக் கூட்டிப்போக வேண்டுமாம். அத்தைக்கோ இன்னும் இரண்டு மாதத்தில் கடைசிப் பரீட்சை.

"பரீட்சை மட்டும் முடியட்டும்ண்ணே," என்றாள்.

"படிச்சு என்னம்மா, அங்க போயி ஊசியா போடப்போற? நல்ல எடம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார் அப்பா.

அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அத்தை சாப்பிடாமல் எழுந்து போனாள். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பட்டுப்பாவாடை நிச்சயம்.

அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையின் கன்னத்தில் ஒரு பரு கிளம்பியிருந்தது. அம்மா பதறினார்.

"ஐஸ் வச்சா அமுங்கிடும் அண்ணி," என்று அத்தை ஃப்ரீசரைத் திறந்தாள்.

அறைக்குள் போய், ஐஸ் பேக்கைக் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். துண்டு கொடியிலேயே தொங்கியது.

"அத்தை, துண்டு?"

"போயி வெளையாடுடி."

நான் போகவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து அவள் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குளிர் பட்டால் கண்ணில் தண்ணி வரும்போல என்று நினைத்தேன்.

அம்மா வந்து அவள் முகத்தைத் திருப்பினார். "அடிப்பாவி, காரியத்தையே கெடுத்துட்டியே!" கன்னத்தில் வெற்றிலை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

"அசந்து தூங்கிட்டேன் அண்ணி," என்றாள் அத்தை.

"அத்தை எங்க தூங்குச்சு..." என்று நான் வாயெடுத்தேன். என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். வலியில் சொல்ல வந்ததே மறந்துபோயிற்று.

பவுடரை அப்பிப் பார்த்தார்கள். அது இன்னும் விகாரமாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடிக்காமல் அந்தக் கன்னத்தையே பார்த்தார்.

"இது தேமலுங்களா?"

"ஐயய்யோ, இல்லீங்க. பருவுக்கு ஐஸ் வச்சிருக்கா, அதான்," என்றார் அம்மா.

"ஐஸ் வச்சா இப்படியா ஆவும்?"

என்னைப் போலவே அவரும் அதை நம்பவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அப்பா ஐஸ் பேக்கை எடுத்துக் குப்பைமேட்டில் வீசினார். "சனியன், ஒரு கல்யாணத்தையே கெடுத்துடுச்சு!" அவருடைய முழங்கால் மறுபடி வெந்நீர் ஒத்தடத்துக்கே திரும்பிவிட்டது. ஒரே வாரத்தில் அத்தையின் கன்னம் வடுவே இல்லாமல் ஆறியது. அவள் புத்தகமும் கையுமாக இருந்தாள். துக்கத்தை மறக்கத்தான் பாவம் படிக்கிறாள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பங்குனியில் அப்பா எங்களைத் திருமழபாடிக் கோயிலில் நந்திதேவருக்கு நடக்கும் திருக்கல்யாணத்துக்கு அழைத்துப் போனார். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த மாப்பிள்ளை போனால் போகட்டும், பரீட்சைக்குள்ளாகவே இன்னோர் இடம் அமைந்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அவசரம். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நான் சிணுங்கியதும், வலிக்கிற காலோடு என்னைத் தூக்கிக்கொண்டார். மேளம் முழங்கியது. பக்கத்தில் அத்தை கைகூப்பி, உதடு அசைய நின்றாள். நானும் கண்ணை இறுக மூடி, சாமி, எங்க அத்தைக்கு இந்த மாசமே கல்யாணம் ஆயிடணும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்டேன். அத்தையும் நானும் ஒரே சாமியிடம் நேர் எதிராக வேண்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.