ஜீப்பு ஹாரனுக்கு நிற்காத ரயில்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களில் ஒச்சம்மாளைத் தெரியாதவர் கிடையாது. முப்பது வருசமாக விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவள். கையும் வேகம், வாயும் வேகம்.

அவளுக்கு ஒரே அக்கா ராஜாத்தி, மதுரையில் வாக்கப்பட்டவள். ராஜாத்தி மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒச்சம்மாள் புருசன் பெயர் விட்டுப்போனது. அச்சுக்காரன் செய்த பிழை என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவள் கல்யாணத்துக்கும் போகவில்லை, ஒன்பது வருசம் பேசவும் இல்லை.

போன ஆவணியில் அக்காவே இவள் மகன் போனுக்குக் கூப்பிட்டாள். மகனோடு பூனேவுக்குக் குடிபோவதாகவும், வியாழக்கிழமை மதுரையில் ரயில் ஏறுவதாகவும் சொன்னாள்.

"இனிமே இந்தப் பக்கம் வருவேனோ மாட்டேனோ. சாயங்கால போடி ரயில்ல வந்து ஒரு எட்டு மொகத்தக் காட்டிட்டுப் போ ஆத்தா."

இவளும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். காய் பழுத்து நிற்கிறது என்று போனாள். மத்தியானம் காய் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கிய டிரைவர் ஜக்கையன், கூடவே ஏறிக்கொள்ளச் சொன்னான். கூடை நிறையாமல் இறங்க அவளுக்கு மனசில்லை.

"நீ போடா. நம்ம ரயிலு என்ன, நம்மள விட்டுட்டா போயிரும்?"

மீட்டர்கேஜ் காலத்தில் அது நிசம்தான். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பு ரயில்வே கேட் பக்கம் மூன்று தடவை ஹாரன் அடித்தால், கார்டு பச்சைக் கொடியை மடக்கிக்கொண்டு நிற்பார். ஜீப்பில் வந்தவர்கள் கூடையும் சாக்குமாக ஓடிவந்து கடைசிப் பெட்டியில் ஏறுவார்கள். அப்புறம் அகலப்பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பன்னிரண்டு வருசம் ஊருக்கு ரயிலே இல்லை. புது ரயிலில் இவள் இதுவரை ஏறியதில்லை.

சாயங்கால ஜீப்பு வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கேட் பக்கம் வந்ததும் இவள் சொல்லச் சொல்ல டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தான். மறுபடியும் மூன்று. பிளாட்பாரத்துக்கு ஓடிப் போனால், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குத்தான் தெரிந்தது. ஹாரன் கேட்கவில்லையா என்று அங்கே நின்ற ஊழியரிடம் சண்டைக்குப் போனாள். அவர் வெளியூர்க்காரர். எந்த ஹாரன் என்று அவருக்கு விளங்கவில்லை. நேரமாயிற்று, போய்விட்டது என்றார்.

பஸ்சைப் பிடித்து மதுரை ஸ்டேஷனுக்குப் போனபோது பூனே ரயில் கிளம்பி இருபது நிமிசம் ஆகியிருந்தது. துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த அக்கா நம்பரைக் காட்டி, அங்கே நின்ற ஒருவரின் போனில் பேசினாள்.

"போடி ரயிலு வந்துச்சுடி. ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்தேன்" என்றாள் ராஜாத்தி.

"ஜீப்பு பிந்திருச்சுக்கா. ஹாரன் அடிச்சோம், ரயிலு நிக்கல."

ராஜாத்தி அந்த ரயிலில் கடைசியாகப் போனது மீட்டர்கேஜ் நாளில்.

"நம்ம ஊரு ரயிலு ஹாரனுக்கு நிக்கலையா? எங்கிட்டயே சொல்றியா? வர மனசில்லேன்னு சொல்லிட்டுப் போயேன் ஒச்சம்மா."

இவள் ஆத்தா மேல் சத்தியம் பண்ணினாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

இப்போது மாசம் ஒரு தடவை மகன் போனில் பூனேவுக்குக் கூப்பிடுகிறாள். ராஜாத்தியின் மருமகள்தான் எடுக்கிறாள். "அத்தை தூங்குறாங்க" என்கிறாள், காலை பதினொரு மணிக்கு. எழுந்ததும் சொல்லம்மா என்று இவளும் போனை வைத்துவிடுகிறாள்.