கூட இருப்பவள்

கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கையிலேயே பெரில் ஷர்ட்கிளிஃப் வாசல் படியில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருப்பார். மழை என்றால் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சீவுவார். அந்தப் பேனாக்கத்தி அவருடைய அப்பா சாணை பிடித்தது. கத்தியும் கரண்டியும் செய்யும் இந்த ஷெஃபீல்டில் பாதிப் பேரின் அப்பா சாணை பிடித்தவர்தான். இருந்தாலும் அந்தக் கத்தியைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசிவிட முடியாது. எங்கள் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறைக்குள் பேனாவுக்கும் கத்திக்கும் அனுமதி இல்லை. அதனால் செவ்வாயும் வியாழனும் கத்தியை மடக்கி என் மேசையில் வைப்பார். "பத்திரம் கண்ணு. யார் கேட்டாலும் குடுத்துராத." பதினோரு வருடமாக இதே பேச்சு. நானும் இதுவரை அதைத் தின்றுவிடவில்லை.

இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். பஸ் ஓட்டுநர் என்னையும் அப்படிக் கூப்பிடுவார், என் மாமனாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் பெரில் கூப்பிட்டால் எனக்குக் கொஞ்சம் மனசு இளகிவிடும். அது அவருக்கும் தெரியும். பழைய பதிவேடுகளைப் படமெடுத்த ஃபிலிம் சுருள் ஒரு நாளைக்கு மூன்றுதான் என்ற விதியை மீறி நாலாவதையும் என்னிடமிருந்து கறந்துவிடுவார்.

எழுபத்தேழு வயதுப் பெண்மணி. பச்சைக் கோட்டு. பன்னிரண்டு மணிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பீட்ரூட் வைத்த ரொட்டி தின்பார். சிவந்த விரலோடு திரும்பினால், போய்க் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று விரட்டுவேன். தன் வம்சத்தை ஆறு தலைமுறைக்குத் தோண்டி முடித்துவிட்டார். அப்புறம் ஊர்க்காரர்களின் வம்சங்களைத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பட்டியல நம்பாத. பக்கத்தப் பாரு." பெயர்ப் பட்டியலில் விட்டுப்போனது மூலப் பதிவேட்டின் மூலையில் கிடக்கும் என்பார்.

பக்கத்து மேசை டிரெவருக்குத் தன் கொள்ளுத்தாத்தா ஏதோ பிரபுவின் மகன் என்று நினைப்பு. இரும்பாலையில் நாற்பது வருடம் வேலை பார்த்த மனிதர். பெரிலைத் தவிர வேறு யாரிடமும் அடங்கமாட்டார். ஒருநாள் பெரில் ஒரு தாளை அவர் முன்னால் தள்ளினார்.

"இந்தாய்யா, உங்க பிரபு. கோழி திருடி மூணு மாசம் உள்ள இருந்திருக்காரு."

"எத்தன கோழி?"

"ரெண்டு."

"ரெண்டுக்கா மூணு மாசம்? அநியாயமா இல்ல இருக்கு," என்றார் டிரெவர். அன்று அறையில் எல்லாரும் சிரித்தோம்.

பெரில் எதற்காக இங்கே வர ஆரம்பித்தார் என்பது எனக்குப் போன நவம்பர்வரை தெரியாது. டிரெவருக்காக அவருடைய சித்தப்பா ஒருவரைத் தேடி, 1966ஆம் வருட அடக்கப் பதிவேட்டைப் பெரில் உருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சுருள் நின்றது. நான் ஃபிலிம்தான் சிக்கிக்கொண்டதோ என்று எழுந்து போனேன். திரையில் ஒரு வரி: ஹெட்டி மேச்சின், வயது 71, மணமாகாதவர், கரண்டிகளுக்கு மெருகேற்றும் தொழிலாளி, பொதுக்குழி. அதன் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், 'உடன், ஷர்ட்கிளிஃபின் உயிரின்றிப் பிறந்த குழந்தை'. அது பெரிலின் குடும்பப் பெயர்.

பெரில் மறுபடி சுருளை உருட்டினார். டிரெவரின் சித்தப்பாவைக் கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்துவிட்டு, என்னிடம் கத்தியைக் கேட்டார். வெளியே படியில் நின்று சீவினார். நான் போய்ப் பார்த்தபோது பென்சில் கட்டைவிரல் நீளத்துக்கு வந்திருந்தது.

அங்கே நின்றுதான் சொன்னார். அப்போது வயது இருபத்திரண்டு. பிறந்ததும் குழந்தையை ஒரு துணியைப் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "எங்கிட்ட காட்டவே இல்ல. வீட்டுக்குப் போயி இன்னொண்ணு பெத்துக்கோன்னா அந்த நர்சு. அப்புறம் தங்கவே இல்ல." கணவர் ராய் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். எங்கே வைத்தார்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் பார்த்தாயிற்று என்றார். நாற்பத்தி நாலு வருடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணா பெண்ணா என்று அவரும் கேட்டுவைக்கவில்லை. ராயை அடக்கம் செய்த மறுவாரம் பெரில் எங்கள் படியேறினார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளை, அன்றைக்கு யாருடைய பெட்டி போகிறதோ அதில் சேர்த்து வைத்துவிடுவார்களாம். பெரில் இந்த நகரத்து இடுகாடுகளின் குழந்தைப் பட்டியல்கள் அத்தனையும் தேடியிருக்கிறார். சின்னக் குழியாகத் தேடியிருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன் கண்ணு. நான் மட்டும் பட்டியல நம்பிட்டேன்."

 அந்தச் சுருளை எத்தனை முறை யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு பெரில் வேறு யாருக்கும் தேடவில்லை. ஹெட்டி மேச்சின் ஒருத்திதான். ஞானஸ்நானப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பழைய செய்தித்தாள்கள். அப்பன் குடிகாரன் என்று தெரிந்தது. ஹெட்டி குடிப்பாளா என்று இரண்டு வாரம் கவலைப்பட்டார். 1923இல் டிராம் நடத்துநரைக் கெட்ட வார்த்தையில் திட்டி அபராதம் கட்டியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு, "சூடு சொரணை உள்ளவதான்" என்றார் பெரில், ஓரளவு திருப்தியாக.

டிரெவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஒறவுமில்ல ஒட்டுமில்ல. யாரு பெரில் அவ உனக்கு?"

"எம் புள்ள கூட இருக்கறவ."

டிரெவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெரில் விடவில்லை. "அம்பத்தஞ்சு வருஷமா கூடவே இருக்கா டிரெவர். நான் ஒரு நிமிசம் வச்சிருந்ததில்ல. அவ புள்ளைங்களுக்குப் பிரியமானவளா, சிடுசிடுன்னு விழறவளா, எனக்குத் தெரியணுமா இல்லையா?"

அதை எந்தப் பதிவேடு சொல்லும்? எனக்கு அழுகை வந்தது. வேலை நேரத்தில் அழக் கூடாதென்று ஃபிலிம் பெட்டிகளை அடுக்கப் போனேன்.

போன வியாழன் டிரெவர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அவருடைய அத்தையும் மெருகுப் பட்டறையில் வேலை பார்த்தவராம். பட்டறைப் பெண்கள் கிளீத்தோர்ப்ஸ் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனபோது எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. பின்பக்கத்தில் அத்தை எல்லார் பெயரையும் வரிசையாக எழுதியிருந்தார்.

"பின்வரிசையில மூணாவது," என்றார் டிரெவர். "தேடித்தான் பாத்தேன். வேற ஒண்ணும் எழுதல அத்த."

நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். பெரில் குனிந்தார். கண்ணாடி ஹெட்டியின் முகத்தில் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. சுருட்டிவிட்ட சட்டைக் கை. வருடக்கணக்காகச் சக்கரத்தில் கரண்டி பிடித்த தடித்த முன்கைகள், மார்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. முழங்கை மடிப்பில், ஒரு குழந்தையின் தலை சாயும் இடத்தில், கண்ணாடியை வைத்துக்கொண்டு பெரில் வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல கை," என்றார்.

மேசைமேல் கிடந்த அவருடைய இடது கை எழுந்து, பச்சைக் கோட்டோடு சேர்ந்து, அதே போல மடிந்துகொண்டது.