கக்கத்தில் ஒரு கருப்புப் பொருக்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, கொழுந்தன் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் நன்றாக இருக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு விடமாட்டேன். கையைத் தூக்கச் சொல்லிக் கக்கத்தையும் பார்ப்பேன். பிள்ளைகள் கூச்சத்தில் நெளியும், மருமகள்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது என்பதால் நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. சாத்தூருக்குப் பக்கத்தில் ஊர். அய்யாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியை மருந்தில் முக்குகிற வேலை. அம்மாவும் நாங்களும் வீட்டில் பெட்டி ஒட்டுவோம். ஐப்பசி மழை விட்டதும் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து நடுங்கியது. அந்தக் காலத்தில் நடுங்கினால் மலேரியாதான். வேறு காய்ச்சல் உண்டென்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. வீடு வீடாக வருகிற மலேரியாக்காரர் அவள் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு அவள் மகாராணி ஆகிவிட்டாள். அவளுக்குப் பன்னும் பாலும். எனக்கு அவள் பங்குப் பெட்டியையும் சேர்த்து ஒட்டுகிற வேலை. அதைக்கூடப் பொறுத்தேன். என்னை ஒருநாளும் தூக்கியிராத அய்யா, வேலை விட்டு வந்ததும் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நடந்தாரே, அதுதான் தாங்கவில்லை. பசை அப்பிய விரலை என் நெற்றியில் வைத்து வைத்துப் பார்ப்பேன். சுடவே சுடாது. பாழாய்ப்போன உடம்பு.

அவளுக்குச் சட்டை மாற்றிவிடும்போதுதான் கக்கத்தில் அதைப் பார்த்தேன். கருப்பாய் ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. தீக்காயம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் சுட்ட தழும்பு இல்லாத பிள்ளை கிடையாது. பெரியவர்கள் மடியில் ஒட்டிக்கொண்டு வருகிற உடைந்த குச்சியைத் திருடி உரசிப் பார்ப்போம். தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். சமயம் வரட்டும் என்று அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மலேரியாக்காரர் வந்து, ரத்தத்தில் மலேரியா இல்லை என்றார். எனக்கு வந்த சந்தோசம்! மலேரியா இல்லையென்றால் காய்ச்சலே இல்லை என்றுதானே அர்த்தம்.

"பாத்தியாம்மா? இவ நடிக்கா. பன்னு திங்கதுக்கு நடிக்கா."

"ஒடம்பு கொதிக்கு, நடிக்காளாம். போயி பெட்டிய ஒட்டுட்டி, மூதி" என்றாள் அம்மா.

மறுநாள் தங்கச்சி கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகக்கூட இல்லை. அய்யா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். அங்கிருந்த டாக்டர் பட்டாளத்தில் பர்மா வரை போய் வந்தவர் என்பார்கள். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், யோசித்தார். மலேரியா இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று அய்யா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் அத்தனை பேரும் அவளையே பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"அய்யா, இவ தீக்குச்சி களவாண்டு கக்கத்துல சுட்டுக்கிட்டா! நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். டாக்டர் தடுத்தார்.

"கக்கத்துலயா? அங்கன போயி யாரும் சுட்டுக்கிடுவாகளா?"

கேட்டுக்கொண்டே அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். "இது தீக்காயம் இல்லப்பா. பொதர்ல கெடக்க பூச்சி கடிச்ச எடம். இது வேற காய்ச்சல், மருந்தும் வேற. நல்லவேளை, இந்தப் புள்ள சொல்லுச்சு" என்றார்.

மூன்றாம் நாள் தங்கச்சி கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். அம்மா அவளோடு இருந்துகொள்ள, அய்யா என்னை ஊருக்குக் கூட்டி வந்தார். சாத்தூர் தாண்டியதும், "எங்க ஆத்தா, தங்கச்சியக் காப்பாத்திட்டியே" என்று என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். அவளுக்கு அடி வாங்கிக் கொடுக்கத்தான் சொன்னேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து கரிசக்காட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதி வழியில் அய்யாவின் தோள் குலுங்கியது. நான் கனக்கிறேன், இறக்கிவிடப் போகிறார் என்று பயந்து, அவர் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அது என் கனம் இல்லை என்று தெரிய, என் பிள்ளை ஒன்று காய்ச்சலில் கிடந்து பிழைக்க வேண்டியிருந்தது.

தாயில்பட்டியில் வாக்கப்பட்ட தங்கச்சி, அக்கா இல்லையென்றால் நான் இல்லை என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள். அறுபது வருசத்துக்கு மேலாக நானும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு வருகிறாளாம்.

ஏட்டி, எழுதிட்டியா? நான் "நடிக்கா"ன்னு சொன்னேன்ல, அந்த எடத்துல இருந்து வாசி. நாளைக்கு நீ அவளுக்கு வாசிச்சுக் காட்டதுக்கு முன்னாடி நான் ஒருக்கா கேட்டுக்கிடுதேன்.