தீர்வு இல்லை என்ற விடை

என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பித்த ஓர் இளம் ஆசிரியையின் வகுப்பு என்னால் பறிபோனது. பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. பதினோராந் தரத்தில் ஒரு பிரிவு எனக்கு, மற்றது அவருக்கு. பின்னத்தின் அடியில், பகுதியெண்ணில், x வரும் சமன்பாடுகளை வேகமாகச் செய்ய நான் பழக்குவேன். இரு பக்கத்தையும் பகுதியெண்ணால் பெருக்கு, பின்னம் போய்விடும், மிச்சத்தைச் சுருக்கு, அவ்வளவுதான். அவருடைய பிள்ளைகளோ கணக்கைத் தொடும் முன்பே மேலே ஒரு வரி எழுதுவார்கள்: x இந்த எண்ணாக இருக்க முடியாது. பூச்சியத்தால் வகுக்க முடியாதே. பகுதியெண்ணைப் பூச்சியமாக்கும் எண்ணை முதலிலேயே விலக்கி வைப்பார்கள்.

எனக்கு அது வீண் வரியாகப் பட்டது. ஒருநாள் ஆசிரியர் அறையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டை வைத்து அவரைக் கேலி செய்தேன்.

"டீச்சர், பெரட்டுக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடியே பேர் வெட்டுறீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "வரக்கூடாத ஆளு யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே சேர்" என்றார்.

அந்தத் தவணைப் பரீட்சைத் தாளை நான்தான் தயாரித்தேன். அதில் ஒரு கணக்கு:

x/(x − 2) = 2/(x − 2) + 3

பகுதியெண்ணால் பெருக்கிச் சுருக்கினால் x = 2 என்று வரும். திருத்துவதற்கான புள்ளித்திட்டத்தில் அதையே விடையாக எழுதினேன். அவருடைய பிள்ளைகளும் அதுவரை வந்து, மேலே தாங்கள் எழுதியிருந்த வரியைப் பார்த்து, 'தீர்வு இல்லை' என்று முடித்திருந்தார்கள். இரு பிரிவுத் தாள்களையும் திருத்திய நான் அதற்குப் பிழை போட்டேன். விடை உள்ள கணக்குக்கு விடை இல்லை என்று படிப்பிக்கிறாராம் என்று பெற்றோர் பாடசாலை அதிபரிடம் போனார்கள்.

அவர் என் மேசைக்கு வந்து, x இருக்கும் இடத்தில் இரண்டைப் போட்டுப் பார்க்கும்படி மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். பகுதியெண் பூச்சியமானது. பிள்ளைகள் எழுதியதே சரி.

மறுநாள் பெற்றோர் முன்னிலையில் அதிபர் என்னைக் கேட்டார். புள்ளித்திட்டப்படிதான் திருத்தினேன் என்றேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளித்திட்டம் பிழை என்பதைச் சொல்லவில்லை. அவரை ஆறாந் தரத்துக்கு மாற்றினார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆறாந் தரத்திலேயேதான் இருந்தார்.

இந்த வருடம் புதிய அதிபரிடம் அனுமதி கேட்டு, பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். பலகையில் அந்தக் கணக்கை எழுதி, இரண்டைப் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பெற்றோர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார்கள். பிறகு கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பின்வரிசையில் அவரும் இருந்தார்.

அடுத்த தவணையில் பதினோராந் தரத்தை அவரிடம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"குடுத்துட்டாங்க சேர். ஆனா நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். அது என் வகுப்புத்தானே."

சொல்ல வேண்டாம் என்றேன்.

"அன்னைக்குப் பிழை வாங்கின பிள்ளைங்க யாரும் அந்தக் கூட்டத்துல இல்லீங்க. அவங்ககிட்டயும் சொல்லுங்க."

இதுவரை மூன்று பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. அவர்களில் ஒருத்தி, ஹட்டனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறவள், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, நான் இப்படி ஒப்புக்கொண்டது டீச்சருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.