உப்புத் தீவின் இசைக்கு ஒரு பெயர்

குறுந்தகட்டுப் பெட்டியைத் திறந்ததும் மிட்சுயோ முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். சிகரெட் வாடை அடித்தால் திருப்பி வைத்துவிடுவாள். இல்லையென்றால் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுவாள். அதன் பிறகு, பெட்டியின் முதுகைச் சுற்றிய காகிதப்பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவுவாள்.

"மீன் வாங்குற மாதிரியே வாங்குறீங்க," என்பார் கடைக்காரர் குசுமோதோ.

"மீன் ஒருவேளைச் சாப்பாட்டோட போச்சு. இதோட நான் காலம் பூரா குடித்தனம் பண்ணணுமே!"

ஒசாகாவின் நிப்பொன்பஷியில், மாடியிலுள்ள அந்தப் பழைய இசைத்தட்டுக் கடைக்குப் பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். வயது ஐம்பத்து மூன்று. ஆரம்பப் பள்ளிச் சமையற்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சூப் கிண்டும் வேலை. அவள் சேர்ப்பது வீடியோ கேம்களின் இசை மட்டும். வீட்டில் விளையாடும் கருவி ஒன்றுகூடக் கிடையாது.

"விளையாடவே தெரியாது, உனக்கு எதுக்குடி இந்தப் பாட்டு?" என்று கூட வேலை செய்பவர்கள் சீண்டுவார்கள்.

"கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளையையா கட்டிக்கிறோம்? சாப்பிட்டுட்டு வரலையா?"

அவளுக்கு எல்லாவற்றிலும் பிரியமானது 'உப்புத் தீவு'. முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டு. செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. அதன் இசையைக் குசுமோதோ பெரிய கறுப்பு இசைத்தட்டாக மறுபடி வெளியிட நினைத்தார். ஒரே ஒரு சிக்கல். உரிமை இசையமைத்தவருக்குத் திரும்பியிருந்தது. அவர் யாரென்றுதான் தெரியவில்லை. உறையில் 'பூனைவால்' என்ற புனைபெயர் மட்டும் இருந்தது.

"மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து வரலைன்னா கைவிட்டுட வேண்டியதுதான்," என்றார் அவர்.

மிட்சுயோ வீட்டுக்குப் போய், தன் 'உப்புத் தீவு' குறுந்தகட்டின் உறைக்குள்ளிருந்த சிறு புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், நன்றிப் பட்டியலில், 'வகயாமா, ஹிரசே சலவைக்கடை' என்று இருந்தது. கேம் இசைக்கும் சலவைக்கடைக்கும் என்ன சம்பந்தம்? சொந்த வீடாக இருந்தாலொழிய யார் நன்றி சொல்வார்கள்? இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. மூன்றாவது கடிதம் எழுதவில்லை, குசுமோதோவிடம் ஒப்புதல் காகிதத்தை வாங்கிக்கொண்டு வகயாமாவுக்கு ரயிலேறிவிட்டாள்.

சலவைக்கடையில் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மிட்சுயோ குறுந்தகட்டை மேசைமேல் வைத்ததும் அவர் கை நின்றது.

"கடுதாசி போட்ட ஆளா நீ?"

"ஆமாக்கா. பூனைவால் நீங்கதானே?"

"அது நான் வச்ச பேரில்ல. சொந்தப் பேரைப் போட்டா வேற கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான்னு அவங்க ஒட்டவச்ச வால். பேரைப் போடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? அப்பப் போடாதவங்களுக்கு இப்ப எதுக்குக் கையெழுத்து?"

"அப்பப் போடாதவங்க யாரும் இன்னிக்கு இல்லக்கா. கேட்டுக்கிட்டு இருக்கிற நாங்கதான் இருக்கோம்."

"ஆஸ்பத்திரிக் கோட்டு நாப்பது சாயங்காலத்துக்குள்ள போகணும். எனக்குப் பேச நேரமில்ல. கிளம்பு."

மிட்சுயோ கிளம்பவில்லை. மேலங்கியைக் கழற்றி மாட்டினாள். தடுப்பைச் சுற்றி உள்ளே போய், சும்மா கிடந்த இன்னொரு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, முதல் கோட்டை விரித்தாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பினார். நான்காவது கோட்டில், "காலர்லேர்ந்து ஆரம்பி, சுருங்குது பார்," என்றார். பதினேழாவதில் தலைநிமிராமலே, "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டார்.

"படகு கரைக்கு வராமலே முடியுதே, அது."

"அதை எடுத்துடச் சொன்னாங்க. சோகமா இருக்காம். முடியாதுன்னுட்டேன்."

நாற்பதாவது கோட்டை மடித்து வைத்ததும் அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காகிதத்தைக் கொண்டா."

கையெழுத்துப் போட்டார். உறையில் அச்சிட வேண்டிய பெயர் என்ற கட்டத்தில் 'ஹிரசே' என்று குடும்பப் பெயரை மட்டும் எழுதிப் பேனாவை மூடினார்.

மிட்சுயோ காகிதத்தைப் பார்த்தாள். பேனா மூடியைத் தானே கழற்றி, காகிதத்தை அவர் பக்கம் திருப்பி நகர்த்தி, மீதமிருந்த வெற்றிடத்தில் விரலை ஊன்றினாள்.

"முழுப் பேரையும் எழுதுங்கக்கா."