நோகாத புண்

கத்திக்கொண்டு வரும் ஆபத்தென்றால் ஓடித் தப்பலாம். சத்தமில்லாமல் வருவதை என்ன செய்வது? இலங்கையின் எல்கடுவ மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த சின்னப்பிள்ளை என்பவளின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது, நோகவே நோகாத ஒரு புண்.

அது 1921. பக்கத்துத் தோட்டத்தில் அம்மை கண்டிருந்ததால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அவசரமாக வெள்ளையடிக்கும்படி உத்தரவு வந்தது. அவள் புருஷன் இராமசாமி சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கிக் கலக்கினான். அட்டைக்கடிக்குப் பயந்து கெண்டைக்காலில் சாக்கைச் சுற்றிக் கட்டுவது மலையில் எல்லோருக்கும் பழக்கம். அன்றைக்கும் கட்டியிருந்தான். காலைப்பொழுது முழுக்க அந்தச் சாக்கு சுண்ணாம்பைக் குடித்தது.

நடுப்பகலில் அவிழ்த்தபோது தோல் செத்த மீனின் வயிறுபோல் வெளுத்திருந்தது. தொட்டால் வழுக்கியது.

"நோகுதாங்க?" என்றாள்.

"இல்ல புள்ள. என் காலு மாதிரியே இல்ல."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளங்கள் எழும்பின. பக்கத்துக் காம்பரா வாசலிலிருந்து மங்களேஸ்வரி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கிட்டா. தண்ணி படக் கூடாது, சொல்லிட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மையில் மகளைப் பறிகொடுத்தவள் சின்னப்பிள்ளை. புருஷனையும் கொடுக்க அவளால் முடியாது. வாசலில் வேப்பிலை செருகினாள். வேப்பிலையாலேயே விசிறினாள். காய்ச்சலே இல்லை, ஆனால் வெளுத்த தோல் சாம்பலாகி, ஓரங்களில் கறுத்தது. யாரோ உள்ளேயிருந்து தின்பதுபோல் இருந்தது. அம்மை என்றால், சாக்குக் கட்டிய இடத்தோடு கோடு போட்ட மாதிரி நிற்குமா? கண்ணால் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பயம் அப்படி!

மூன்று மணிக்கு உக்குவளையிலிருந்து அடுத்த சுண்ணாம்பு வண்டி வந்தது. லயத்தார் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லும் சூளைக்காரர் யஹ்யா வாசலில் நின்று பார்த்தார்.

"இது அம்மையில்ல தங்கச்சி, சுண்ணாம்பு. நெருப்பு சுட்டா ஒடனே கைய எடுத்துருவோம். இது நோகாம, சவுக்காரம் மாதிரி தோலக் கரைச்சுக்கிட்டு உள்ளுக்குப் போகும். கழுவுற வரைக்கும் நிக்காது. எண்ணெ, தேசிக்காய்ப் புளி ஒண்ணும் பூசாதீங்க. காஞ்ச தூளத் தட்டிட்டு, ஓடுற தண்ணில புடிங்க."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்ன செய்யிறது, யஹ்யா நானா?"

"இன்னும் பாத்துக்கிட்டிருந்தா எலும்புதான் மிஞ்சும்."

அவள் அழுதுகொண்டே புருஷனைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இழுத்துப் போனாள். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மலைத்தண்ணீர் காலில் விழுந்த கொஞ்ச நேரத்தில் இராமசாமி முதன்முறையாக அலறினான். அது ஆத்தாளின் குரலென்றே நினைத்தாள். ஆனாலும் வெயில் சாயும்வரை அவனை விடவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் காலை வெட்டவில்லை. கெண்டைச் சதைதான் போயிற்று. உடனே கழுவியிருந்தால் மேல்தோலோடு போயிருக்கும் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார்.

நொண்டிக்கொண்டே இருபது வருஷம் வாழ்ந்தான் இராமசாமி. வருகிறவர்களிடமெல்லாம் காலைக் காட்டுவான். "லயமே தடுத்துச்சு. இவதான் துணிஞ்சு தண்ணி ஊத்துனா. இந்தக் காலு இவ குடுத்தது." அடுப்பைப் பார்க்கவேண்டுமென்று சின்னப்பிள்ளை உள்ளே போய்விடுவாள்.

அவன் செத்த அன்று, குளிப்பாட்டக் கிடத்தியிருந்தபோது, அந்தக் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னாள்.